சிறுநீர் வாசனையை வெச்சே கேன்சரை கண்டுபிடிக்கலாமாமே, நிஜமா? நீர்ப்பைக்குள்ள கேமரா டியூப் விட்டு பாக்கறதுக்கு (சிஸ்டோஸ்கோபி) பதிலா இது போதுமா?

வீட்ல யாருக்கோ யூரின்ல ரத்தம் வந்திருக்கு, டாக்டர் டியூப் விட்டு பாக்கணும்னு சொல்லிட்டாரு, அதான கேக்கறீங்க? நானும் மூணு வருஷம் முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு இதையேதான் தேடிட்டு இருந்தேன்.

வாசனை விஷயம் பொய் இல்லங்க. கேன்சர் செல்லுல இருந்து வர்ற சில ஆவியாகற கெமிக்கல் யூரின்ல கலந்து வருது, நம்ம மூக்குக்கு தெரியாது, நாய்க்கு தெரியும். 2004ல இங்கிலாந்துல ஆறு நாயை பழக்கி, ஏழு சாம்பிள் வரிசையா வெச்சு அதுல ஒண்ணு மட்டும் நீர்ப்பை கேன்சர்காரரோடது, 54 தடவைல 22 தடவை கரெக்டா புடிச்சுது. குருட்டாம்போக்குல புடிச்சா 14 சதவீதம்தான் வரும், இது 41. இதுல கூத்து என்னன்னா, பழக்கறப்பவே நல்லா இருக்கறவர்னு வெச்ச ஒருத்தர் சாம்பிளை நாய்ங்க விடாம காட்டிட்டே இருந்துச்சாம், திரும்ப ஸ்கேன் பண்ணா அவருக்கு கிட்னில கேன்சர்!

இதை நான் அப்பாவுக்கு படிச்சு காட்டினேன். அதான் நான் பண்ண தப்பு. முதல்ல செவப்பா போனப்ப அம்மா "நேத்து பீட்ரூட் பொரியல் சாப்ட்டீங்களே"ன்னாங்க, வலியும் இல்ல, ரெண்டு நாள்ல நின்னுருச்சு. மறுபடி வந்தப்ப சித்தப்பா சூடுன்னு சொல்லி இளநீர் வாங்கி குடுத்தாரு. கடைசில டாக்டர்கிட்ட போனா, அப்பா "அந்த நாய் வந்து மோந்து பாக்கட்டும், அதுவரைக்கும் டியூப் வேணாம்"னு உக்காந்துட்டாரு. அப்படியே நாலு மாசம். டியூப் விட்டு பாத்தது பத்து நிமிஷம் கூட ஆகல.

41ன்னா பாதிக்கு மேல கோட்டை விட்டுருச்சுன்னு அர்த்தம், அது அன்னிக்கு என் மண்டைல ஏறல. அதுக்கப்புறம் நல்ல ரிசல்ட் வந்த ஆராய்ச்சியும் இருக்கு, 2023ல கேன்சர் கட்டி இருக்கற எலியோட யூரினை மோந்து கண்டுபிடிக்க எறும்பையே பழக்கிட்டாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா டியூப்புக்கு பதிலா இது போதும்னு சொல்ற நிலைமை இன்னும் வரல. உடனே சித்த வைத்தியத்துல நீர்க்குறின்னு யூரினை வெச்சு நோய் சொல்றதுல மணம் பாக்கறது இருக்கேன்னு வராதீங்க, தெரியும், எறும்பு மொய்ச்சா சுகர்னு எங்க பாட்டியும் சொல்லும், நான் பேசறது கேன்சர். நான் டாக்டரும் இல்ல.

இன்னொண்ணு, சாம்பிள் குடுக்க சொல்ற லேப் பாத்ரூம்ல பாட்டிலை வைக்க ஒரு ஸ்டாண்டு கெடையாது, தாழ்ப்பாளும் இல்ல. எழுபது வயசு மனுஷன் ஒரு கையில கதவு, ஒரு கையில பாட்டில், வேட்டியை எதுல புடிப்பாரு? ஆயிரக்கணக்குல பில்லு போடறாங்கல்ல, ஒரு ஆணி அடிக்க முடியாதா?