சுவரோரம் பிரிந்த ரெசின் நீர்

உங்கள் சிற்றுரு துறைமுக மாதிரியில், கப்பல்துறைச் சுவரை ஒட்டி ரெசின் நீர் (தண்ணீர்போலத் தெரிய ஊற்றி இறுகவிட்ட எபாக்ஸி பிசின்) மயிரிழை அளவு பிரிந்திருக்கிறது, முழுவதையும் பெயர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், சுவரும் மரத்தூண்களும் கூடவே பெயர்ந்து வரும்.

10 மி.மீ. ஆழத்தை ஒரே தடவையில் ஊற்றியதுதான் வினையாகியிருக்கும். எபாக்ஸி இறுகும்போது சூடாகும், ஆறும்போது சுருங்கும். சாதாரண ரெசினை 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுவதே நல்லது.

இப்போதைக்கு, கத்தி முனையால் இடுக்கிலுள்ள தூசியைச் சுரண்டி எடுங்கள். கொஞ்சம் ரெசின் கலந்து, அதே நிறமியை ஒரு துளி சேர்த்து, பல்குச்சி நுனியில் தொட்டு விடுங்கள்; தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே குணத்தால் சுவரிலும் சற்று மேலேறிப் பளபளக்கும். இறுகிய பின் அந்த விளிம்பில் பளபளப்பற்ற கரும்பச்சை பூசினால் பாசிக்கோடாகவே தோன்றும், ஒட்டுப்போட்ட தடமும் மறையும்.

மேலே பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் ஒற்றிச் சிற்றலை எழுப்புங்கள். அடக்கமாக! 1:87 அளவில் 1 மி.மீ. அலை, நிஜத்தில் ஏறக்குறைய 9 செ.மீ. துறைமுகத்துக்குள் அதற்கு மேல் எழுந்தால் புயல்தான்.

உங்கள் படத்தில் கப்பலருகே வெண்மையாகத் தெரிவது குமிழியா, ஈரமா? அருகில் எடுத்த படம் ஒன்று போடுங்கள்.