கேரவனோடு மலையேறுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையில் 19 வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவன் நான். இப்போது ஒரு பழைய டெம்போ டிராவலரில் சீட்டுகளைக் கழற்றி, இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்து, ஆர்.டி.ஓ.வில் முறைப்படி மாற்றிப் பதிந்து, வீட்டுக்காரம்மாவோடு ஊர் சுற்றுகிறேன். கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி என்றிருந்த காலம் போய்விட்டது. நிறையப் பேர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

அண்ணே, ஏற்றத்தில் என் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பின்னால் வரிசையாக ஹார்ன் அடிக்கிறார்கள். என்ன செய்யட்டும்? (ஈரோடு)

20-லேயே போங்கள், அதில் தப்பில்லை. விரட்டினால் இன்ஜின்தான் சூடேறும். ஆனால் பின்னால் வருகிறவனையும் 20-லேயே கூட்டிக்கொண்டு போக உங்களுக்கு உரிமை கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். இந்த வண்டியை எடுத்த புதிதில் பர்லியாறு பழக்கடைப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன். காய்கறி ஏற்றும் ஜீப்காரர் ஒருவர் பின்னாலேயே வந்து நிறுத்தினார். இறங்கி என் வண்டியைச் சுற்றி வந்து, பக்கவாட்டுக் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்து, "கண்ணாடி இருக்குதுங்களே?" என்றார். அவ்வளவுதான், டீ சொல்லப் போய்விட்டார். 19 வருடம் இதே ரோட்டில் ஓட்டியவனுக்கு அது போதும். வேன் ஓட்டிய காலத்தில் நான்தான் மற்றவர்களை முந்திக்கொண்டிருந்தேன், கண்ணாடி பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

இப்போது மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் அடுத்த அகலமான இடத்தில் இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நின்றுவிடுவேன். எல்லாரும் போக அரை நிமிடம்தான் ஆகும். வளைவிலோ மழைக்குப் பிறகு பள்ளத்துப் பக்க மண்ணிலோ மட்டும் ஒதுங்காதீர்கள். நம் வண்டி கனம், மண் உள்வாங்கிவிடும்.

இங்கே கலிபோர்னியாவில் இருவழிச் சாலையில் ஐந்து வண்டி பின்னால் சேர்ந்துவிட்டால் ஒதுங்கியே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஊரில் அப்படி உண்டா? (சான் ஹோசே)

அங்கே அதற்கென்றே ஒதுங்கிடம் கட்டி, முன்கூட்டியே பலகையும் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் எண்ணிக்கை வைத்து யாரும் கேட்பதில்லை. இங்கே சட்டத்தில் இருப்பது வேறு: மலைச்சாலையில் இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க இடமில்லை என்றால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விடவேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம் என்பதால் வந்த விதி. சட்டம் தெரியாத டிரைவர்கூட மலையில் இதை மதிப்பான். கீழே இருந்து வார விடுமுறைக்கு வருகிறவர்கள்தான் இறக்கத்தில் மூக்கை நீட்டுவார்கள்.

வழி காலியாக இருந்தால் பின்னால் வருகிறவரைக் கையைக் காட்டி முந்திப் போகச் சொல்லலாமா? (சேலம்)

கூடாது. உங்கள் கையை நம்பி அவன் ஏறுவான், எதிரே பஸ் வந்தால் பாவம் யாருக்கு? ஒதுங்கி நில்லுங்கள், முந்துவதா வேண்டாமா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே திருப்பில் திரும்புவதில்லை. எதிரே வருகிறவர்கள் திட்டுகிறார்கள். (திருப்பூர்)

எந்தப் பக்கம் திரும்பும் வளைவு என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு சுலபம். நாம் வெளிவட்டத்தில் போகிறோம், இடம் தாராளம். இடப்பக்கம் திரும்புவதுதான் சிக்கல். அங்கே நமக்கு உள்வட்டம், செங்குத்தும் அதிகம். நீள வண்டியின் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், காவாயில் இறங்கிவிடும். அதனால் முன்பக்கத்தை வலப்புறம் அகலமாக எடுத்துத்தான் திரும்பவேண்டும், அதாவது எதிராளியின் பாதையில் நுழைந்தாக வேண்டும்.

எனவே வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். தலையைத் தூக்கி மேலே பாருங்கள், பெரும்பாலான வளைவுகளில் அடுத்த அடுக்கு ரோடு கண்ணில் படும். ஏதாவது இறங்கி வருகிறதா? நின்று அதை விட்டுவிடுங்கள். சட்டப்படி வழி நமக்கு என்று அங்கே வாதாட வேண்டாம், பாதி வளைவில் மாட்டினால் பின்னாலும் போக முடியாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு ஹார்ன், அப்புறம் நிறுத்தாமல் ஒரே இழுப்பு.

அரசு பஸ் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அவருக்கு விட்டுவிடுங்கள். அந்த டிரைவர்கள் ஒரு சாண் இடைவெளியில் திருப்புவார்கள், நாம் நடுவில் நின்று பயந்தால்தான் அவர்களுக்குத் தொந்தரவு. கொல்லிமலை மாதிரி 70 வளைவு உள்ள இடத்துக்கு முதல் பயணமே வேண்டாம். ஏற்காட்டில் 20 வளைவு, அங்கே கை பழகட்டும்.

இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. கொஞ்ச தூரத்தில் பெடல் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது. வண்டியில் கோளாறா? (மதுரை)

கோளாறு காலில் இருக்கிறது, தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வழி நெடுக பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பு போகும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். அதுதான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஊட்டிப் பாதையில் எங்கள் வண்டிக்கு அது இரண்டாவது கியர்தான், சில இடத்தில் முதல் கியர். இன்ஜின் உறுமும், பயப்படாதீர்கள், வண்டியைப் பிடித்து வைத்திருப்பதே அந்த உறுமல்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாகக் காலை எடுத்துவிடுங்கள். அதற்குக் காற்றாட நேரம் வேண்டும்.

நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

வாடை வந்தால் நல்ல இடமாகப் பார்த்து அரைமணி நேரம் நில்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஓடும்போதே பெடல் போய்விட்டதா? பெடலை விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் மலைப்பக்கக் காவாயிலோ மண்மேட்டிலோ உரசி நிறுத்துங்கள். தகரம் போனால் போகட்டும். அந்த வண்டியை மெக்கானிக் பார்த்து பிரேக் ஆயில் மாற்றும்வரை மலைக்கு எடுக்காதீர்கள்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமா? (சென்னை)

36 கொண்டை ஊசி, பயங்கர இறக்கம். வெளியூர் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போகவேண்டும். கிளம்புமுன் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் டேங்கை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புவது நல்லதுதானே? (கோவை, ஒரு அக்கா)

வேண்டாம் அக்கா. 150 லிட்டர் என்றால் 150 கிலோ, இரண்டு ஆள் கனம். டேங்க் பாதி காலியாகி, உள்ளே தடுப்புத் தகடும் இல்லையென்றால் வளைவுக்கு வளைவு தண்ணீர் ஆடி வண்டியையும் ஆட்டும். இரண்டு கேன் போதும், மேலே போய் நிரப்புங்கள். கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஓடுகிற வண்டியில் பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க விடாதீர்கள், சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும்.

பனிமூட்டத்தில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? (திண்டுக்கல்)

நின்றால் போடுங்கள். ஓடும்போது போட்டால் நீங்கள் திரும்புவதே பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. டிம் லைட், கீழே ஃபாக் லைட், அது போதும். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

நான் கார்காரன். உங்களை மாதிரி வண்டிகளுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஊர்ந்தவன். எங்களுக்கு ஏதாவது சொல்வீர்களா? (பெங்களூரு)

நியாயமான கோபம் சார், எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான். உங்களுக்கு ஒன்றே ஒன்று: ஒட்டிக்கொண்டு வராதீர்கள். பம்பரை ஒட்டி நின்றால் என் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள், எதிரே வருவது உங்களுக்கும் தெரியாது. ஏற்றத்தில் நான் கியர் மாற்றும்போது வண்டி ஒரு முழம் பின்னால் வந்தாலும் வரும்.

ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். சரிதானே? (பொள்ளாச்சி)

வைப்பது சரி. வண்டி கிளம்பியதும் கல் அங்கேயே கிடக்கிறதே, அதுதான் சரியில்லை. வால்பாறை ரோட்டில் இரவில் ஒரு பைக்காரர் அப்படிக் கிடந்த கல்லில் ஏறி விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன், நல்லவேளை கையில் சிராய்ப்போடு போயிற்று. எங்கள் கிளீனர் பையன் அன்றைக்கே ஆசாரியிடம் சொல்லி மரக்கட்டை ஒன்றைச் சாய்வாக அறுத்து வாங்கி, அதில் ஓட்டை போட்டு, நாலு முழம் நைலான் கயிறு கட்டிவிட்டான். கயிற்றின் மறுமுனை பின்பக்க ஏணியில். வண்டி நகர்ந்தால் கட்டையும் கூடவே இழுபட்டு வரும், அவன் ஓடி வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறுவான். அதே கட்டைதான் இன்னும் என் வண்டியில் இருக்கிறது. கயிறு மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று.