நடுவில் காற்று இருக்கக் கூடாது: ஒலி எல்லை தாண்டுவது பற்றிக் கேள்வி பதில்

பாய்லர் வெல்டுகளை அல்ட்ராசானிக் முறையில் சோதிப்பது என் பிழைப்பு. ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் எப்படிப் போகிறது, எங்கே திரும்புகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுகிறார்களே, எதற்கு?

காற்றை விரட்ட. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அடர்த்தியை ஒலி வேகத்தால் பெருக்கினால் வருவது அது, இம்பீடன்ஸ் என்போம். காற்றுக்கு 400 சொச்சம், தண்ணீருக்குச் சுமார் 15 லட்சம், தசைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, இரும்புக்கு நாலரைக் கோடி. இரண்டு எண்களும் பக்கத்தில் இருந்தால் ஒலி தாராளமாகக் கடக்கும். எட்ட இருந்தால் திரும்பிவிடும். ப்ரோபுக்கும் (ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் கருவி முனை) தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போவதே பெரிது. ஜெல் பெரும்பாலும் தண்ணீர்தான்.

எங்கள் வேலையிலும் கிரீஸோ பசையோ பூசித்தான் ப்ரோபை வைப்போம். கப்ளண்ட் என்று பெயர். ஒரு சித்திரை வெயிலில், புதிதாக வந்த பையன் ஒரு தகட்டை முழுக்கப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லைண்ணே" என்றான். திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. குறையின் எக்கோ இல்லை, சரி. தகடு நன்றாக இருந்தாலும் வர வேண்டிய அடிப்பக்க எக்கோவும் இல்லையே! பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது. ஒலி ப்ரோபை விட்டு இறங்கவே இல்லை. எக்கோ வரவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஜெல்லுக்குப் பதில் தேங்காய் எண்ணெய்?

ஒலி போகும். ப்ரோபின் முகம் கெட்டுப்போகலாம். வேண்டாம்.

கேள்வி: கிணற்றில் முங்கியிருக்கும்போது மேலே கூப்பிடுவது ஏன் சரியாகக் கேட்பதில்லை?

அதே கதைதான். காற்றிலிருந்து தண்ணீருக்குள் ஒலி போகாது, 0.1 சதவீதம்தான் இறங்கும். அதுவும் செங்குத்தாக வந்தால். 13 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் மொத்தமும் திரும்பிவிடும். ஆனால் பம்புசெட் ஓடினால் உள்ளே நன்றாகக் கேட்கும். குழாய் தண்ணீரில் நிற்கிறதே, அதிர்வு காற்றைத் தொடாமலே இறங்கிவிடுகிறது.

கேள்வி (இயற்பியல் மாணவர்): தவறு. தண்ணீருக்குள் போகும்போது ஒலியழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றல்லவா பாடத்தில் இருக்கிறது?

பாடம் சரி. என் கணக்கும் சரி. அழுத்தத்தின் வர்க்கத்தை இம்பீடன்ஸால் வகுத்தால்தான் ஆற்றல் கணக்கு வரும். அழுத்தம் 2 மடங்கு என்றால் வர்க்கம் 4 மடங்கு. இம்பீடன்ஸோ சுமார் 3,600 மடங்கு. 4-ஐ 3,600-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.1 சதவீதம் வந்து நிற்கும்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் ஹைட்ரோஃபோனை, அதாவது தண்ணீருக்குள் ஒலி பிடிக்கும் மைக்கை, இறக்கினால் அழுத்தம் கூடுதலாகத்தானே பதிவாகும்?

ஆமாம், நேர் மேலிருந்து வரும் ஒலிக்கு. "ஒலி போகாது" என்று நான் எழுதியது அவசரம், "ஆற்றல்" என்று எழுதியிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வேறொருவர்): தண்ணீரிலிருந்து வெளியே வரும்போதாவது தாராளமாக வருமா?

வராது. ஆற்றலில் அதே 0.1 சதவீதம்தான். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எல்லை வாங்கும் சுங்கம் ஒன்றே. நேர் எதிரில் வரும் ஒலியைத்தான் சொல்கிறேன். மாணவர் மறுபடி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்குச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பயனில்லை. மெல்லிய சுவரைப் பொறுத்தவரை எடைதான் பேசும். எடை இரட்டித்தால் தோராயமாக 6 டெசிபல் குறையும். முட்டை அட்டைக்கு ஏது எடை?

கேள்வி: தெர்மாகோல்?

மேலே பாருங்கள்.

கேள்வி: மெத்தை ஸ்பாஞ்ச் ஒட்டினால்?

எடை. எடை. எடை. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து வீட்டை நிறுத்தாது. முதலில் கதவிடுக்கை அடையுங்கள்.

கேள்வி: உள்காதில் திரவம்தானே இருக்கிறது? அப்புறம் எப்படிக் கேட்கிறது?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் நடுக்காது. செவிப்பறையில் வேலை செய்யும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அது தள்ளுகிற, உள்காதின் வாசலான நீள்வட்டச் சாளரம் 3.2. அதிலேயே 17 மடங்கு. மூன்று குட்டி எலும்புகளின் நெம்புகோல் இன்னொரு 1.3 மடங்கு. ஆக அழுத்தம் 22 மடங்குபோல ஏறி உள்ளே போகிறது. காது வலிக்கிறது என்று கேட்டவர் மருத்துவரிடம் போகவும்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் துடுப்பைத் தண்ணீரில் வைத்துக் காதில் ஒட்டிப் பாடும் மீனைக் கேட்பார்களாமே, நிஜமா?

கல்லடிப் பாலத்துப் பக்கம் நிலாக்காலத்தில் அப்படிக் கேட்கும் வழக்கம் உண்டு. பாடுவது எது என்பது என் துறை இல்லை. துடுப்பு என் துறை. மரத்தின் நீளவாக்கில் இம்பீடன்ஸ் இருபது லட்சத்துக்கு அங்கே இங்கே, தண்ணீருக்கு நெருக்கம். தண்ணீர், மரம், பிறகு காதோரத்து எலும்பு: வழியில் காற்றே கிடையாது. துடுப்பைக் காதுக்கு எட்டப் பிடித்தால் போச்சு. எலும்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும்.