பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் சொல்லும் ஒரே வார்த்தையை லண்டனிலும் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் ஏன் வேறு வேறாகப் புரிந்துகொள்கிறார்கள்?

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலுக்குப் பக்கத்தில், ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். அதற்கு முன் மூன்று வருடம் லண்டனில் இருந்தேன். இரண்டு இடத்திலும் வீட்டில் ஓடுவது ஒரே பிபிசி செய்திதான். ஆனால் பிரதமர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் அங்கே காதில் விழுந்த மாதிரி இங்கே விழுவதில்லை. அந்தச் சொல்லை இதற்கு முன் யார் வந்து சொன்னார்கள், சொன்ன பிறகு ஊரில் என்ன நடந்தது என்ற கணக்கு ஒவ்வொரு பகுதி மக்களிடமும் இருக்கிறது. அந்தக் கணக்கோடுதான் கேட்கிறார்கள்.

நியூகாசிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு முன் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆனந்த் மேனன் இங்கே ஒரு கூட்டத்தில் பேசினார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் நாட்டின் ஜிடிபி, அதாவது மொத்த உற்பத்தி மதிப்பு, குறையும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி, "அது உங்க ஜிடிபி, எங்களோடது இல்லை" என்று குரல் கொடுத்தார். பொருளாதாரம் புரியாதவரின் பேச்சு என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து ஊரான சண்டர்லாந்தில், மிச்சமிருந்த கப்பல் கட்டும் தளங்களை மூடும் அறிவிப்பு 1988-இல் வந்தது. அதே வருடம் நாட்டின் பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது! 1993-இல் வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று கால்பந்து மைதானம் நிற்கிறது. நாட்டின் கணக்கு ஏறியபோது இவர்கள் வீட்டுக் கணக்கு இறங்கியதை இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் "ஜிடிபி குறையும்" என்று எச்சரித்தால் அது எப்படி உறைக்கும்? சண்டர்லாந்தில் 61 சதவீதம் பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். லண்டனில் சுமார் 60 சதவீதம் பேர் நீடிக்க வாக்களித்தார்கள்.

அப்புறம் வந்தது "லெவலிங் அப்". பின்தங்கிய பகுதிகளைக் கைதூக்கிவிட்டு மற்றவற்றுக்குச் சமமாகக் கொண்டுவருவது என்று பொருள். 2019-இல் போரிஸ் ஜான்சன் இதை முன்வைத்தார். அந்தத் தேர்தலில், 1935 முதல் தொழிலாளர் கட்சியை விட்டு நகராத பிஷப் ஆக்லாந்து போன்ற தொகுதிகள்கூட கன்சர்வேட்டிவ் பக்கம் போயின. பிறகு ஒரு அமைச்சகத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்தச் சொல் வடக்கில் நம்பிக்கையாகக் கேட்டது. தெற்கில் வசதியான ஊர்களில், நம் பணம் அங்கே போய்விடுமோ என்ற கவலையாகக் கேட்டது. 2022 கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைப் போட்டியின்போது கென்ட் பகுதியில் உள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸில் கட்சிக்காரர்களிடம் ரிஷி சுனக் பேசிய வீடியோ வெளியானது. ஏழ்மையான நகர்ப்பகுதிகளுக்கே நிதியைக் கொட்டிய பழைய கணக்குமுறையை மாற்றத் தொடங்கியது தாம்தான், உங்கள் ஊர் போன்ற ஊர்களுக்கும் உரியது கிடைக்க வேண்டும் என்று அதில் சொன்னார். சிறு நகரங்களிலும் கிராமங்களிலும்கூட வறுமை இருக்கிறது என்று அவர் தரப்பில் விளக்கம் வந்தது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இங்கே அதைப் பார்த்தவர்களுக்கு, நம்மிடம் சொன்னது ஒன்று, அங்கே சொன்னது வேறு என்றே பட்டது.

அடுத்த வருடம் அக்டோபரில், பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டருக்கு வர வேண்டிய ஹெச்எஸ் 2 அதிவேக ரயில் பாதையை ரத்து செய்வதாக, அதற்குள் பிரதமராகியிருந்த சுனக் அறிவித்தார். அறிவித்த இடம் மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாடு. அந்த மாநாட்டு அரங்கம் 1969 வரை ரயில் நிலையமாக இருந்த கட்டடம். லீட்ஸுக்குப் போக வேண்டிய கிளையை 2021-லேயே வெட்டியிருந்தார்கள். மிச்சமாகும் பணத்தில் செய்வதாகச் சொன்ன திட்டங்களுக்கு "நெட்வொர்க் நார்த்" என்று பெயர். "நார்த்" என்றால் வடக்கு. அந்தப் பட்டியலில் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிளிமத்துக்கான ரயில் பாதையும் இருந்தது. அந்த வாரம் என் அலுவலகத்தில் யாரும் கோபப்படவில்லை. பேச்சே இல்லாமல் வேலையைப் பார்த்தார்கள். கோபத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. அங்கே சிக்கல் "வழக்கமாக" என்ற ஒரே சொல்லில். 2014 சுதந்திர வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு மூன்று பெரிய பிரிட்டிஷ் கட்சிகளின் தலைவர்களும் ஒரு ஸ்காட்லாந்து நாளிதழின் முதல் பக்கத்தில், ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாகக் கையெழுத்திட்டு உறுதி கொடுத்தார்கள். 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். அந்த உறுதியைத் தொடர்ந்து வந்த 2016 சட்டத்தில், ஸ்காட்லாந்துக்குக் கொடுத்த துறைகளில் அதன் சம்மதம் இல்லாமல் லண்டன் நாடாளுமன்றம் "வழக்கமாக" சட்டம் இயற்றாது என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் பலர் அதை வாக்குறுதியாகப் படித்தார்கள். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமோ, இது அரசியல் மரபுதான், நீதிமன்றம் இதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. 2018-இல் பிரெக்சிட் சட்டத்துக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சம்மதம் மறுத்தது. சட்டம் நிறைவேறியது. பிரெக்சிட் வழக்கமான விஷயம் அல்லவே என்றது லண்டன். இலக்கணப்படி அது சரிதான். ஆனால் 62 சதவீதம் பேர் ஐரோப்பாவில் நீடிக்க வாக்களித்த இடத்தில் அந்த இலக்கணத்தை எப்படி ஏற்பார்கள்?

வட அயர்லாந்தில் இன்னும் அடிப்படையிலேயே தொடங்குகிறது. ஒரு நகரத்தை டெர்ரி என்கிறீர்களா, லண்டன்டெர்ரி என்கிறீர்களா என்பதிலேயே நீங்கள் அயர்லாந்தோடு சேர விரும்பும் பக்கமா, பிரிட்டனோடு இருக்க விரும்பும் பக்கமா என்று கணித்துவிடுவார்கள்.

2024-இல் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சி அமைச்சகத்தின் பெயரிலிருந்து "லெவலிங் அப்"பை எடுத்துவிட்டது. இப்போதைய சொல் "வளர்ச்சி". என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். எந்தச் சொல் வந்தாலும் அவர் பேருந்தை வைத்துத்தான் அளப்பார். 1986-இல் இங்கிலாந்தில் லண்டனைத் தவிர மற்ற இடங்களில் பேருந்துகளைத் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். லண்டனில் மட்டும் வழித்தடமும் கட்டணமும் பொது நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. அவர் பேத்திக்குக் கிடங்கில் வேலை, இரவு பத்து மணிக்கு முடிகிறது. எங்கள் தெருவுக்குக் கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு. வாரத்தில் மூன்று நாள் அவள் டாக்சியில் வருகிறாள்.