குன்றுக்குள் புகுந்து வரும் ஓடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் நிற்கும் சுண்ணாம்புக் குன்றின் அடியிலிருந்து ஒரு சிற்றோடை வெளிவருகிறது. தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். ஆனால் குன்றுக்கு அப்பால் பெருமழை பெய்தால், எங்கள் பக்கம் தூறல்கூட இல்லாத நாளிலும், சில மணி நேரத்தில் கலங்கிவிடுகிறது. பாறையில் ஊறி வரும் நீர், அப்படியே குடிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். குடிக்கலாமா? (தோட்டத்து வாசகி, கோப்பெங்)

பதில்: வேண்டாம், சகோதரி. அதற்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். மண்ணிலும் மணலிலும் மெல்ல ஊறி வரும் நீர், மழை பெய்த சில மணி நேரத்தில் கலங்குவதில்லை. குன்றின் மறுபுறத்தில் ஓர் ஓடை பாறைப் பிளவுக்குள் இறங்கி, குகை வழியே ஓடி, உங்கள் பக்கம் தலைகாட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். இது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் ஊருக்கு அருகில் உள்ள குவா தெம்புரோங் குகையில் நேரிலேயே பார்க்கலாம். அங்கே ஆறு குன்றுக்குள்ளேயே ஓடுகிறது.

உங்கள் ஊர் அமைந்திருக்கும் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறை, சுமார் 40 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியில் படிந்தது. பிற்காலத்தில் கீழிருந்து எழுந்த கருங்கல் குழம்பின் வெப்பத்தால் அது பல இடங்களில் பளிங்காக மாறியது. கிழக்கே உள்ள தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. அங்கிருந்து இறங்கும் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சிறிது புளிப்புத் தன்மையும் உண்டு. காட்டு மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சிய மழைநீர் சுண்ணாம்புப் பாறையைத் தொடும்போது, பாறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரியமில வாயு இல்லாத தூய நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். அந்த வாயு சேர்ந்த நீரோ அதைப் போல் பல மடங்கைக் கரைத்துவிடும். இப்படித்தான் மயிரிழைப் பிளவுகள் நாளடைவில் ஆள் நுழையும் குகைகளாகின்றன.

குகை வழியே விரைந்து ஓடும் நீரை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. மறுபுறத்தில் செம்பனைக்குப் போட்ட உரம், அடித்த களைக்கொல்லி, மாட்டுக் கொட்டகையின் கழிவு, கசியும் மலக்குழி ஆகிய அனைத்தும் அதே வழியாக உங்கள் ஓடைக்கு வந்து சேரக்கூடும். நீர் தெளிவாக இருக்கிறது என்பதற்குச் சேறு இல்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், களைக்கொல்லி போகாது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு. அதன்மேல் சிறிது வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்துக் கரையும்.

ஓடை எங்கே பூமிக்குள் இறங்குகிறது என்பதைத் தோட்டத்து மூத்தவர்களிடம் விசாரித்துக் கண்டுபிடியுங்கள். ஐயம் இருந்தால் நிலவியல் ஆய்வாளர்கள் அங்கே ஃபுளோரசீன் போன்ற சாயத்தைக் கலந்து, அது எங்கே வெளிவருகிறது என்று பார்த்து உறுதி செய்வார்கள். ஓடை இறங்கும் அந்தக் குழி பலருக்குக் குப்பை கொட்டும் பள்ளமாகத் தெரிகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உங்கள் ஓடை தொடங்கும் இடமே அதுதான்.

கேள்வி: மலையோரத்து ஓடையில் எடுக்கும் நத்தைகளின் ஓட்டு நுனி மழுங்கி அரித்துப் போயிருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுக்குக் கீழே எடுப்பவற்றில் நுனி கூராக இருக்கிறது. ஏன்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: அருமையான கவனிப்பு. நத்தையின் ஓடும் சுண்ணாம்புதான். கருங்கல் மலையிலிருந்து இறங்கும் புளிப்பு நீர் ஓட்டின் மிகப் பழைய பகுதியான நுனியை முதலில் அரிக்கிறது. சுண்ணாம்பு நிறைந்த நீர் அப்படி அரிப்பதில்லை, ஓடு வளர்வதற்கு வேண்டிய பொருளையும் தருகிறது. குகைக்குள் வெயில் இல்லாததால் பாசி வளராது. வெள்ளம் அடித்து வரும் இலைச் சருகும், வௌவால்களின் எச்சமுமே அங்குள்ள சிற்றுயிர்களுக்கு உணவு. அதே குகைகளில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள்தாம் இரவில் பறந்து சென்று டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன என்பதையும் பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: குன்றின் ஒரு பக்கத்தை மட்டும் கல்லுக்காக உடைத்தால் ஓடைக்கு என்ன ஆகும்? (வாசகர், கம்பார்)

பதில்: உடைக்கும் பக்கத்தில் நீரின் பாதை இருந்தால் மறுபக்கத்து ஊற்று வற்றலாம், அல்லது வேறிடத்தில் வெளிப்படலாம். கல்தூள் ஓடையில் படிந்து, கற்களின் இடுக்கில் வாழும் பூச்சிகளையும் மீன் முட்டைகளையும் மூடிவிடும். ஒரே ஒரு குன்றில் மட்டுமே வாழும் உயிர்களுக்குத் தப்பிச் செல்ல வேறு இடம் கிடையாது. பகாங்கின் புக்கிட் பாஞ்சிங் குன்று கல்லுக்காக உடைக்கப்பட்டபோது, அங்கே மட்டுமே வாழ்ந்த பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற சிறு நத்தையினம் அழிந்துபோயிற்று. ஆகவே கல்லுடைக்க அனுமதி கொடுப்பதற்கு முன், உடைக்கவிருக்கும் முகப்பை மட்டும் அளந்து பார்ப்பது போதாது; குன்றுக்குள் ஓடும் நீரின் பாதையையும் மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டிலும் ஆராய வேண்டும் என்று குடியிருப்போர் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.