ஊழல் பற்றிய உலகக் கருத்துக்கணிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொதுச் சேவைகளை நாடிய இந்தியர்களில் 69 விழுக்காட்டினர் லஞ்சம் கொடுத்ததாகக் கூறிய 2017-ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் நாடுகளை ஊழல் வரிசைப்படி அடுக்கும் பட்டியல் நாளிதழ்களில் வருகிறது. நீங்கள் எழுதிய கருத்துக்கணிப்பும் அதுவும் ஒன்றுதானா? இவற்றை யார் நடத்துகிறார்கள்?
— கல்லூரி மாணவி, மதுரை

இரண்டும் ஒரே அமைப்பிலிருந்து வருபவை, ஆனால் வெவ்வேறானவை. உலக வங்கியில் உயர் பொறுப்பு வகித்த பீட்டர் ஐகன் 1993-இல் பெர்லினில் தொடங்கிய டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல்தான் அந்த அமைப்பு. நீங்கள் குறிப்பிடும் வரிசைப் பட்டியல் 1995-இலிருந்து வருகிறது. அது வல்லுநர்களும் தொழில்துறையினரும் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் செய்த மதிப்பீடுகளைத் திரட்டி உருவாக்கப்படுவது; பட்டா மாற்றத்துக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்திருப்பவரை அது ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே, பொதுமக்களிடம் நேரடியாகக் கேட்கும் 'உலக ஊழல் அளவுமானி' 2003-இல் தொடங்கப்பட்டது.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் இந்தக் கணிப்பைத் தானே களத்தில் இறங்கி எடுப்பதில்லை. கருத்துக்கணிப்பு நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறது. முதல் முறை அது கையாண்ட வழி சிக்கனமானது. கேலப் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பு 'மக்களின் குரல்' என்ற பெயரில் பல நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்திக்கொண்டிருந்தது. அதன் வினாத்தாளில் ஊழல் பற்றிய சில கேள்விகளைச் சேர்க்கச் செய்து, 47 நாடுகளில் 40,000-க்கும் மேற்பட்டோரின் பதில்களை ஒரு சிறிய தொண்டு அமைப்பு பெற்றுவிட்டது. (அமெரிக்காவின் கேலப் நிறுவனம் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்வது செய்தித்தாள்களுக்கும் வழக்கம்.) பலருடைய கேள்விகளை ஒரே வினாத்தாளில் ஏற்றிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறையில் ஒருவருக்குக் கிடைப்பது நான்கைந்து கேள்விகளுக்கான இடம்தான். ஆகவே எதைக் கேட்பது என்பதைவிட எதைக் கேட்காமல் விடுவது என்பதே கடினமான முடிவாகிறது. 2003-இல் அந்த இடத்தில் அவர்கள் வைத்த கேள்விகளுள் ஒன்று, உங்கள் கையில் ஒரு மந்திரக்கோல் இருந்தால் எந்த நிறுவனத்திலிருந்து முதலில் ஊழலை ஒழிப்பீர்கள் என்பது. நான்கில் மூன்று நாடுகளில் முதலிடம் பெற்ற பதில் அரசியல் கட்சிகள்.

அந்தக் கணிப்பு வளர்ந்து, 2013-இல் 107 நாடுகளையும் 1,14,000 பேரையும் எட்டியது. பின்னர் கண்டம் வாரியாகத் தனித்தனி அறிக்கைகளாக வரத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் 1999-இலிருந்து இயங்கும் ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற ஆய்வு வலைப்பின்னலோடு சேர்ந்து அது நடத்தப்பட்டது.

கேள்வி: 2017-இல் இந்தியாவுக்கு 69 விழுக்காடு, 2020-இல் வந்த அறிக்கையில் 39 விழுக்காடு. மூன்றே ஆண்டுகளில் லஞ்சம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது என்று மகிழலாமா?
— ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், திருநெல்வேலி

அவசரப்பட வேண்டாம். இரண்டு அறிக்கைகளிலும் ஆசியாவிலேயே இந்தியாவின் விகிதம்தான் அதிகம் என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விகிதம் எதை எதால் வகுத்துக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். கணிப்பில் முதலில், கடந்த 12 மாதங்களில் காவல்துறை, அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, நீதிமன்றம், அடையாள ஆவணம், மின்சாரம் குடிநீர் போன்ற சேவை ஆகியவற்றில் எதையேனும் நாடினீர்களா என்று கேட்கிறார்கள். நாடியவர்களிடம் மட்டுமே லஞ்சம் கொடுக்க நேர்ந்ததா என்ற அடுத்த கேள்வி போகிறது. ஆயிரம் பேரைக் கேட்டதாகவும், அவர்களில் 400 பேர் மட்டும் அந்த ஆண்டில் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போனதாகவும், 160 பேர் பணம் கொடுத்ததாகவும் வைத்துக்கொள்வோம். நாடியவர்களை வைத்து வகுத்தால் 40 விழுக்காடு. எல்லோரையும் வைத்து வகுத்தால் 16 விழுக்காடு. இரண்டு எண்களும் சரியானவையே. தலைப்புச் செய்தியில் வருவது முதல் எண். ஆனால் 'இந்தியர்களில் இத்தனை பேர்' என்று எழுதுகிறவர் அதையே இரண்டாவது எண்ணைப் போல வாசகர் முன் வைத்துவிடுகிறார்.

அடுத்தது காலம். 2020-ஆம் ஆண்டு அறிக்கைக்காக இந்தியாவில் மக்களிடம் கேள்வி கேட்கப்பட்டது அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில். 'கடந்த 12 மாதங்கள்' என்ற சொற்களுக்குள் ஊரடங்கால் பள்ளிகளும் பல அலுவலகங்களும் மூடிக் கிடந்த மாதங்களும் அடங்கிவிட்டன. யார், எதற்காக, எத்தனை முறை அலுவலகம் போனார் என்பதே மாறியிருந்த ஆண்டை அதற்கு முந்தைய ஓர் ஆண்டோடு நேருக்கு நேர் வைப்பது சரியான ஒப்பீடாகாது. அத்துடன் நேரில் கேட்டார்களா, தொலைபேசியில் கேட்டார்களா என்பதையும் இரண்டு அறிக்கைகளின் முறையியல் பக்கங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். முறை மாறினால் பதில் சொல்ல முன்வருபவர்களே மாறிவிடுவார்கள்.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் இந்தியக் கிளையும் புதுதில்லியின் சென்டர் ஃபார் மீடியா ஸ்டடீஸ் நிறுவனமும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, 11 சேவைகளுக்காகப் பொதுமக்கள் ஓராண்டில் கொடுத்த லஞ்சம் 21,068 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதே கூட்டணியின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு சொன்ன தொகையோ 883 கோடி. இடையில் புனிதம் எதுவும் பொழிந்துவிடவில்லை. இரண்டாவது ஆய்வு வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களை மட்டும் கேட்டது, அவ்வளவுதான். மிக ஏழைகள் அடிப்படைச் சேவைகளுக்காக எவ்வளவு இழக்கிறார்கள் என்பதை அறியவே அவ்வாறு திட்டமிட்டார்கள், நல்ல நோக்கம்தான். ஆனால் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் போட்டால், நடக்காத ஓர் அதிசயம் நடந்ததாகத் தெரியும்.

முறை மாறாமல் மீண்டும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். நைஜீரியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்புக்கான ஐ.நா. அலுவலகத்தோடு சேர்ந்து 2016-இல் சுமார் 33,000 வீடுகளில் ஒரு கணிப்பு நடத்தியது. அரசு ஊழியர்களைச் சந்தித்தவர்களில் 32.3 விழுக்காட்டினர் லஞ்சம் கொடுத்திருந்தனர். 2019-இல் மீண்டும் எடுத்தபோது 30.2 விழுக்காடு. சிறிய இறக்கம்தான், என்றாலும் நம்பிப் பேசத்தக்க இறக்கம்.

கேள்வி: இலங்கை இக்கணிப்பில் இடம்பெறுகிறதா? எங்கள் ஊரில் பணத்தைவிடத் 'தெரிந்த ஆள்' இருப்பதே முக்கியம், அதைக் கேட்கிறார்களா?
— யாழ்ப்பாண வாசகர்

இடம்பெறுகிறது. 2017-இல் இலங்கையின் லஞ்ச விகிதம் 15 விழுக்காடு, 2020-இல் 16. ஒரு புள்ளி வேறுபாட்டை உயர்வு என்று சொல்லத் தேவையில்லை. ஏனெனில் ஆயிரம் பேரைக் கொண்ட மாதிரியில் மேலும் கீழுமாக மூன்று விழுக்காடு பிழை இயல்பானது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் பதில் கிடைக்கிறது. சேவை பெறுவதற்காகத் தனிப்பட்ட தொடர்பைப் பயன்படுத்தினீர்களா என்று அதில் கேட்டிருந்தார்கள். இந்தியாவில் 46 விழுக்காட்டினர் ஆம் என்றனர். லஞ்ச விகிதத்தைவிட அது அதிகம் என்பதைப் பாருங்கள். சேவைக்கு ஈடாகப் பாலியல் இணக்கம் கோரப்பட்டதா, அல்லது அப்படி நேர்ந்த ஒருவரை அறிவீர்களா என்ற கேள்வியும் ஆசிய மக்களிடம் அப்போதுதான் முதன்முறையாக வைக்கப்பட்டது; இலங்கையில் 17 விழுக்காட்டினரும் இந்தியாவில் 11 விழுக்காட்டினரும் ஆம் என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தக் கொடுமை இல்லாமலா இருந்தது? கேள்வி இல்லாததால் எண் இல்லை.

கேள்வி: லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்கிறார்கள். அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்?
— வழக்குரைஞர், சேலம்

பலர் சொல்வதில்லை, கணிப்பு நடத்துபவர்களுக்கும் இது தெரியும். ஆஃப்ரோபாரோமீட்டரின் வினாத்தாளில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும்: எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்? களப்பணியாளர் தொடக்கத்திலேயே தாம் அரசைச் சேர்ந்தவர் அல்லர் என்று விளக்கியிருப்பார். ஆனாலும் கணிசமானவர்கள் அரசாங்கம் என்றே பதில் சொல்கிறார்கள். அப்படி நினைத்தவர் முந்தைய கேள்விகளுக்குத் தந்த பதில்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அந்த ஒரு வரி உணர்த்திவிடும்.

தப்பிக்க ஒரு வழி, ஸ்டான்லி வார்னர் 1965-இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து பிறந்தது. அதன் எளிய வடிவத்தில், பதில் சொல்பவர் களப்பணியாளருக்குத் தெரியாமல் ஒரு காசைச் சுண்டிப் பார்க்கிறார். தலை விழுந்தால் எப்படியிருந்தாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரில் 600 பேர் 'ஆம்' என்றால், ஏறத்தாழ 500 'ஆம்' காசினுடையவை. மீதமுள்ள 500 பேரில் 100 பேர் லஞ்சம் கொடுத்தவர்கள், அதாவது 20 விழுக்காடு. எந்தத் தனிமனிதரின் 'ஆம்' எதைக் குறித்தது என்று யாராலும், நீதிமன்றத்தாலும்கூட, சொல்ல முடியாது. ஆனால் இதைப் பல மொழிகளில், பல நாடுகளில், விளக்கிப் புரியவைத்து நடத்துவது பெரும்பாடு. அதனால் பெரிய உலகக் கணிப்புகள் நேரடிக் கேள்வியையே நம்புகின்றன. அதன் விளைவு ஒன்றுதான்: வெளியாகும் லஞ்ச விகிதத்தைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வதே பாதுகாப்பானது.

2013-ஆம் ஆண்டு அறிக்கையில், நம்பகத்தன்மை குறித்த ஐயத்தால், சில நாடுகளின் லஞ்ச விவரங்களை டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலே விலக்கி வைத்தது. கணிப்பை ஒப்படைத்தவரே இப்படிச் செய்வது அவமானம் அன்று. எனக்கு அந்த அறிக்கையின் மீது மதிப்புக் கூடியது அதனால்தான்.

கேள்வி: இலங்கையிலும் நேபாளத்திலும் உள்ள இரு அமைப்புகளோடு சேர்ந்து நாங்கள் இப்படியொரு கணிப்பை ஒப்படைக்க எண்ணுகிறோம். ஒப்பந்தத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?
— நுகர்வோர் அமைப்பின் செயலாளர், கோயம்புத்தூர்

முதலில், புதிதாக வினாத்தாள் எழுத உட்காராதீர்கள். மேலே சொன்ன ஐ.நா. அலுவலகம் 2018-இல் ஊழல் கணிப்புகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. ஐ.நா. வகுத்த நிலைபேறான வளர்ச்சி இலக்குகளின் 16.5.1 என்ற குறியீடும், அரசு ஊழியரைச் சந்தித்தவர்களில் 12 மாதங்களில் லஞ்சம் கொடுத்தவர் அல்லது கேட்கப்பட்டவர் எத்தனை பேர் என்றே அளக்கிறது. அதே சொற்களை எடுத்துக்கொண்டால் உங்கள் முடிவுகளை மற்ற நாடுகளோடு ஒப்பிடலாம். 'கேட்கப்பட்டவர்' என்பதையும் இந்தக் குறியீடு எண்ணுகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். கொடுக்க மறுத்தவர்களும் அதில் அடங்குவர்.

வினாத்தாளைத் தமிழ், சிங்களம், நேபாளி மொழிகளில் பெயர்த்த பிறகு, மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பாருங்கள். பணம் மட்டுமா, அன்பளிப்பும் பதிலுதவியும் சேர்த்தா என்ற எல்லை மூன்று மொழிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.

மாதிரியின் அளவில் ஏமாந்துவிடாதீர்கள். ஆயிரம் பேர் போதும் என்று நிறுவனம் சொல்லும், நாடு முழுமைக்கான ஒற்றை எண்ணுக்கு அது போதும்தான். ஆனால் அந்த ஆயிரத்தில் நீதிமன்றத்துக்குப் போனவர் 60 பேர்தான் என்றால், நீதிமன்ற லஞ்சம் பற்றி நீங்கள் சொல்லும் எண்ணில் 12, 13 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். எந்தச் சேவையைப் பற்றித் தனியாகப் பேச விரும்புகிறீர்களோ அதற்கேற்ப மாதிரியைப் பெருக்க வேண்டும். பணம் போதாதென்றால் பேசும் சேவைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நிதி வருமானால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உங்கள் அமைப்புக்குத் தகுதி உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காத பிரிவுகள் இரண்டு. பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட மூலத் தரவு முழுவதும், ஒவ்வொரு நேர்காணலும் தொடங்கிய நேரம் முடிந்த நேரத்தோடு, உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அரை மணி நேரம் பிடிக்க வேண்டிய நேர்காணல் ஆறு நிமிடத்தில் முடிந்திருந்தால், களப்பணியாளர் டீக்கடையில் உட்கார்ந்தே தாளை நிரப்பியிருக்கிறார் என்று பொருள். மற்றொன்று, முடிவு எப்படி வந்தாலும் மூன்று அமைப்புகளும் ஒரே நாளில் வெளியிடும் என்பதை, களப்பணி தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் போட்டுக் கையெழுத்திட்டுவிட வேண்டும். எண் கைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால், தன் நாட்டுக்கு அதிக விழுக்காடு வந்த அமைப்புக்கு வினாத்தாளில் திடீரெனப் பல குறைகள் தென்படத் தொடங்கும்.