வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: நான்கு சிகரெட்டும் சனிக்கிழமை ஜிம்மும்

கேள்வி: என் வயது 36. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகப் பெரும்பாலும் இரவுப் பணி செய்கிறேன். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. லேசான தொப்பை உண்டு. டீயோடு நாளுக்கு நான்கு சிகரெட்டுக்கு மேல் பிடிப்பதில்லை. சனி, ஞாயிறுகளில் தவறாமல் ஜிம்முக்குப் போகிறேன். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அலுவலகப் பரிசோதனையில் என் ஈசிஜி நார்மல் என்றார்கள். நான் பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: பயம் வேண்டாம், ஆனால் நார்மலான ஈசிஜியை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி அந்த நேரத்து இதயத் துடிப்பின் நிலையைக் காட்டுமே தவிர, ரத்தக் குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகச் சத்தமின்றிப் படியும் கொழுப்பைக் காட்டாது.

சிகரெட்டிலிருந்து தொடங்குகிறேன். நான்குதானே என்று நீங்கள் எழுதிய தொனியில்தான் என்னிடம் வருகிறவர்களில் பலரும் பேசுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த கட்டுரை ஒன்று, நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது என்று காட்டியது. ரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்படுவதும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதும் மிகக் குறைந்த புகையிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பதால் பெரிய லாபமில்லை, அடியோடு நிறுத்த வேண்டும். நிறுத்தி ஓராண்டு கடந்தால், புகையால் கூடியிருந்த அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அடுத்தது தொப்பை. எடையைப் பார்த்து யாரும் உங்களைக் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆயினும் தெற்காசியரான நமக்கு, கை கால் மெலிந்திருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம். அந்தக் கொழுப்புதான் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுத்து, சர்க்கரையையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் உயர்த்துகிறது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். பேண்ட் அளவைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள்; பலரும் பேண்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்தது. அதற்கான காரணங்களில் பெரும்பகுதி புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம் போன்ற, நாம் மாற்றக்கூடிய அல்லது கட்டுப்படுத்தக்கூடியவையே.

இரவுப் பணியை விட்டுவிடுங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது. வீட்டுக் கடன் கட்டும் உங்களுக்கு எளிதல்ல. உறக்கத்தில் ரத்த அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் வரை தணிய வேண்டும். பகலில் துண்டுதுண்டாக உறங்குகிறவருக்கு அந்தத் தணிவு சரியாகக் கிடைப்பதில்லை. நள்ளிரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைவு என்பதால், ஒரு மணிக்கு வரவழைத்துச் சாப்பிடும் பிரியாணி, அதையே மதியம் சாப்பிடுவதைவிட ரத்தச் சர்க்கரையை அதிகம் உயர்த்தும். முக்கிய உணவைப் பணிக்குக் கிளம்பும் முன் முடித்துக்கொண்டு, இரவில் சுண்டல், மோர் என்று லேசாக வைத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி ஏழு மணி நேரமாவது தொடர்ச்சியாகத் தூங்குங்கள்.

ஜிம் வீண் என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை இரண்டே நாட்களில் முடித்தாலும் பலன் உண்டு. மீதி ஐந்து நாளும் நாற்காலியிலேயே கழிகிறதே என்பதுதான் என் கவலை. 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்டார். தொலைபேசி அழைப்புகளை நடந்தபடியே பேசுங்கள்.

தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதை மருத்துவர்கள் தனி அபாயக் காரணியாகவே கொள்வார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, வாழ்நாளில் ஒருமுறை பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பின் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஓர் இதய மருத்துவரைச் சந்தியுங்கள்.

கேள்வி: வீட்டில் செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். கொழுப்பு குறையுமா?
- ஒரு வாசகி, அல்சூர்

பதில்: செக்கில் ஆட்டுவதால் எண்ணெயின் கொழுப்பு வகை மாறிவிடாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதல்ல. ஒருவருக்கு நாளுக்கு நான்கைந்து தேக்கரண்டி போதும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 58, சர்க்கரை உண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடையும் வலிக்கிறது. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறேன். சரிதானே?
- ஒரு வாசகி, சிவாஜிநகர்

பதில்: சரியல்ல. சர்க்கரை உள்ள பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறல், தாடை வலி, அசதி என்று மாரடைப்பு வரக்கூடும். இந்தப் பதிலைப் படித்த அன்றே ஈசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்தாலோ, தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.